சொல்லைச் சோதிப்பதா, ஆளைச் சோதிப்பதா?

பெயரிடாமல் எழுதப்படும் கடிதத்தை மொட்டைக் கடிதம் என்பது நம்மவர் வழக்கு. எழுதியவனுக்குப் பெயர் இல்லை, முகவரி இல்லை. ஆனால் எவனைக் குறித்து எழுதப்பட்டதோ அவனுக்குப் பெயரும் உண்டு, வீடும் உண்டு, மனைவி மக்களும் உண்டு. ஆகவே அடி எப்போதும் அவன்மீதே விழுகிறது. முன்னாளிலே கந்தோர்களுக்கும் பாடசாலை அதிபர்களுக்கும் தபாலில் வந்துகொண்டிருந்த அக்கடிதம், இன்று குரற்பதிவாகவும் படமாகவும் உருமாறி, ஒவ்வொருவர் சட்டைப் பையிலுமுள்ள கைத்தொலைபேசியில் வந்து விழுகிறது. அதன் வேகம் பெருகியிருக்கிறது, குணம் மாறவில்லை.

இத்தகைய விஷமிகளை எப்படி எதிர்கொள்வது என்பது ஒரு வினா. நம்மிடையே புதிதாக வந்து சேரும் ஒருவர்மீது ஐயம் எழுமாயின் அவரை எவ்வாறு நடத்துவது என்பது மற்றொரு வினா. இவ்விரண்டையும் நாம் பெரும்பாலும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். அக்குழப்பத்தினால் இந்நாட்டிலே சிந்தப்பட்ட இரத்தம் கொஞ்சமன்று. சொல்லைச் சோதிக்கும் பழக்கம் இல்லாத சமுதாயம், ஆளைச் சோதிக்கும் கொடுமைக்கு எளிதில் உடன்பட்டுவிடுகிறது என்பதே நான் இங்கு நிறுவ விரும்பும் கருத்து.

சிறிய நிகழ்ச்சியொன்றிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒருகொடவத்தையில் நான் குடியிருக்கும் ஒழுங்கையிலே, பிள்ளை பிடிகாரர் வாகனமொன்றில் திரிகின்றனர் என்று ஒரு குரற்பதிவு பரவியது. பேசியவள் ஒரு தாய் என்பது குரலிலிருந்து தெரிந்தது. எந்த ஊர்த் தாய் என்பது தெரியவில்லை. அன்று பிற்பகல், படுக்கை விரிப்புகளைத் தோளிற் சுமந்து விற்றுவந்த மனிதர் ஒருவரை ஐந்தாறு பேர் வழிமறித்தனர். அவருடைய அடையாள அட்டையை வாங்கி, பெயரை ஒருவர் உரக்க வாசித்தார். தமிழ்ப் பெயர், முகவரி மலையகத்துத் தோட்டமொன்று. அதன்பின் கேள்விகளின் தொனி மாறியது. விரிப்புகள் வாய்க்காலில் விழுந்தன. அடுத்த வீட்டுச் சிங்கள மூதாட்டி வெளியே வந்து, அவர் மாதந்தோறும் வருபவர் என்றும், தாம் அவருக்கு இன்னும் நானூறு ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்ன பின்னரே கூட்டம் கலைந்தது.

அக்கூட்டத்தில் நின்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அதில் இருந்தனர். தத்தம் பிள்ளைகள்மீதுள்ள பாசமே அவர்களை வெளியே கொணர்ந்தது. நானும் என் வாயிற்படியிலே நின்றுகொண்டுதான் இருந்தேன், வாய் திறக்கவில்லை. மறுநாள் வகுப்பிலே மாணவரிடம் அந்தக் குரற்பதிவு யார் வழியாக வந்தது என்று வினவினேன். மாமி அனுப்பினார், கடைக்கார அண்ணன் அனுப்பினார், அவருக்கு இன்னொருவர் அனுப்பினார் என்று விடைகள் வந்தன. நான்காம் ஐந்தாம் படிக்கு அப்பால் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "காணாமற்போன பிள்ளையின் பெயரைக்கூட ஒருவரும் கேட்கவில்லையே, சேர்" என்றாள். துணி விற்க வந்தவரின் பெயரைக் கேட்டோம். தொலைந்ததாகச் சொல்லப்பட்ட பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை. இக்கட்டுரைக்கு வித்திட்டது அச்சிறுமியின் சொல்லே.

இனி வரலாற்றைப் பார்ப்போம். 1958ஆம் ஆண்டு வன்செயல்களைப் பற்றி, அக்காலத்தில் 'சிலோன் ஒப்சேவர்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்த தார்சி வித்தாச்சி எழுதிய 'எமர்ஜென்சி 58' என்னும் நூல், வதந்தியின் உடற்கூற்றைப் படிப்பதற்கு நம் நாட்டிலே கிடைக்கும் சிறந்த பாடநூல் எனலாம். பாணந்துறையிலே பரவிய கதையொன்றை அவர் பதிவு செய்கிறார். மட்டக்களப்பிலே படிப்பித்துக்கொண்டிருந்த பாணந்துறைச் சிங்கள ஆசிரியை ஒருத்தியைத் தமிழர் சித்திரவதை செய்து கொன்றுவிட்டனர், அவளுடைய உடல் ஊருக்குக் கொண்டுவரப்படுகிறது என்பதே கதை. கதையைக் கேட்ட கூட்டம் கோயிலுக்குச் சென்றது. பூசகர் உயிரோடு எரிக்கப்பட்டார். பின்னர் கல்வி அமைச்சு விசாரித்தது. மட்டக்களப்பிலே பாணந்துறையைச் சேர்ந்த ஆசிரியை எவருமே பணியில் இருக்கவில்லை என்பது தெரிந்தது.

ஆசிரியர் நியமனப் பதிவேடு கொழும்பிலேதான் இருந்தது. அதைப் புரட்டிப் பார்க்க எத்தனை மணி நேரம் சென்றிருக்கும்? கூட்டத்துக்கு அந்த நேரம் வேண்டியிருக்கவில்லை. இல்லாத ஆசிரியைக்காக இருந்த பூசகர் மாண்டார்.

அதே நூலிலிருந்து இன்னொரு செய்தியையும் மாணவர் கருத்தில் இருத்த வேண்டும். 1958 மே 26ஆம் திகதி பிரதமர் பண்டாரநாயக்க நாட்டு மக்களுக்கு ஆற்றிய வானொலி உரையிலே, மட்டக்களப்பிற் கொல்லப்பட்ட நுவரெலியாவின் முன்னாள் மேயர் செனவிரத்னவின் மரணத்தைக் குறிப்பிட்டு, கலவரம் அதிலிருந்து மூண்டது போன்ற எண்ணத்தை ஏற்படுத்தினார். உண்மையில் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே பொலன்னறுவைப் பகுதியிலே புகையிரதம் தாக்கப்பட்டிருந்தது. மரணம் மெய்; ஆனால் அதை வைத்த இடம் பிழை. வதந்தி எப்போதும் தெருவோரத்திலிருந்தே புறப்படும் என்று நினைப்பது தவறு. மெய்ச் செய்தியொன்றைத் தவறான இடத்தில் வைத்துச் சொல்லும்போது அரசின் ஒலிவாங்கியும் வதந்திக்குத் துணை போகலாம்.

1983 யூலையிலும் இதுவே நிகழ்ந்தது. வாரத்தின் தொடக்கத்திலே மூண்ட தீ சற்றுத் தணிந்திருந்தது. 29ஆம் திகதி வெள்ளிக்கிழமை, புலிகள் கொழும்புக்குள் புகுந்துவிட்டனர் என்னும் சொல் நகரெங்கும் ஓடியது. கந்தோர்களை விட்டு மக்கள் ஓடினர். அன்றே கொலைகள் மீண்டும் தொடங்கின. புலி எதுவும் வரவில்லை. வந்ததென்று சொன்னவன் யாரென்பதும் தெரியவரவில்லை.

இவை பழங்கதைகள், எழுத்தறிவும் தொலைத்தொடர்பும் பெருகிய இக்காலத்திலே இவ்வாறு நடவா என்று எண்ணுவோர் 2018ஆம் ஆண்டை நினைத்துப் பார்ப்பாராக. அவ்வாண்டு பெப்ரவரி இறுதியில், அம்பாறையிலுள்ள முஸ்லிம் உணவுக்கடை ஒன்றிலே பரிமாறப்பட்ட கறியில் ஏதோ ஒரு கட்டி காணப்பட்டது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை அது என்று கூச்சல் எழுந்தது. கடைக்காரருக்குச் சிங்களம் நன்கு விளங்காது. சூழ்ந்து நின்ற கூட்டம் கேட்ட கேள்வியின் பொருள் தெளிவாகத் தெரியாமல், அச்சத்தால் ஆமென்னும் பாங்கிலே ஏதோ சொன்னார். அது படம்பிடிக்கப்பட்டு நாடெங்கும் 'ஒப்புதல் வாக்குமூலம்' எனப் பரப்பப்பட்டது. பின்னர் அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக் கட்டியே எனத் தெரிந்தது. அத்தகைய மாத்திரை உலகில் எங்குமே இல்லை என்று மருத்துவர்களும் கூறினர். அதற்குள் அம்பாறையிலே பள்ளிவாசல் தாக்கப்பட்டாயிற்று. மார்ச் முதல் வாரத்திலே, வீதித் தகராறொன்றில் அடிபட்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்ததைத் தொடர்ந்து, தெல்தெனிய, திகன முதலிய கண்டிப் பகுதிகளிலே முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. சமூக ஊடகங்கள் ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின்னர், 2019 மே மாதத்திலே சிலாபத்தில் நிகழ்ந்தது இதனினும் நுட்பமானது. முஸ்லிம் வணிகர் ஒருவர் முகநூலிலே சரியில்லாத ஆங்கிலத்திலே ஒரு வரி எழுதினார். தம்மைக் கேலி செய்தவரை நோக்கி, மிகுதியாகச் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்னும் கருத்தில் எழுதப்பட்ட அவ்வரி, வரப்போகும் தாக்குதல் பற்றிய எச்சரிக்கையாக வாசிக்கப்பட்டது. ஊரடங்குச் சட்டம் இடப்பட்டது. வன்செயல் வடமேல் மாகாணம் எங்கும் பரவி ஓர் உயிரையும் குடித்தது.

மொழி கற்பிப்போராகிய நாம் இங்கே நின்று யோசிக்க வேண்டும். அம்பாறையிலே கேள்வி விளங்கவில்லை. சிலாபத்திலே விடை விளங்கவில்லை. இரண்டிடத்திலும் வாசிப்புப் பிழைத்தது. பரீட்சையிலே வாசிப்புப் பிழைத்தால் புள்ளி குறையும். தெருவிலே பிழைத்தால் வீடு எரியும். நாட்டின் இரு மொழிகளையும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும் என்று நாம் கேட்பது உத்தியோகத்துக்காக மட்டுமன்று என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

இவ்விஷமச் சொற்களுக்குப் பொதுவான குணங்கள் சில உண்டு. முதலாவது, சொன்னவன் மறைந்திருப்பான். "எல்லோரும் சொல்கிறார்கள்" என்பதே அவனுடைய பெயர். இரண்டாவது, பெண்ணோ குழந்தையோ தெய்வமோ கதையின் நடுவில் இருக்கும். ஏனெனில் அங்கேதான் மனிதனின் அறிவு விரைவில் உணர்ச்சிக்கு வழிவிடும். மூன்றாவது, உடனே செய் என்னும் அவசரம் இருக்கும். நாளைவரை பொறுத்தால் கதை தானே செத்துவிடும் என்பது விஷமிக்குத் தெரியும். நான்காவது, யாரோ ஒருவருக்கு அதனால் ஆதாயம் இருக்கும். எரிந்த கடைகளின் பட்டியலைப் பார்க்கும் எவருக்கும் எரியாத கடைகள் யாருடையவை என்ற கேள்வி எழாமற் போகாது. விலைவாசியும் வேலையின்மையும் பற்றிப் பேச வேண்டிய வாய்கள் மாத்திரையைப் பற்றிப் பேசுவதால் இலாபமடைவோரும் உள்ளனர். ஆத்திரமூட்டும் சொல்லை மேன்மேலும் பரப்பி, அதன் பக்கத்திலே விளம்பரத்தை விற்கும் அந்நிய நிறுவனங்களுக்கும் இதில் பங்குண்டு. 2018 வன்செயலில் தனது தளம் தவறாகப் பயன்பட்டதற்கு முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்திலே மன்னிப்புக் கோரியது. எரிந்த வீட்டுக்காரருக்கு அம்மன்னிப்பு ஓர் ஓட்டுத் துண்டையேனும் தரவில்லை.

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். விஷமியை அடையாளம் காண முடியாத சமுதாயம் என்ன செய்கிறது? அடையாளம் காணக்கூடிய யாரையாவது பிடிக்கிறது. சொல்லுக்கு முகமில்லை, ஆகவே முகமுள்ள ஒருவனைத் தேடுகிறது.

1995 ஒக்டோபர் 20ஆம் திகதி கொலன்னாவை, ஒருகொடவத்தை எண்ணெய்த் தாங்கிகள் விடுதலைப் புலிகளால் தாக்கப்பட்டன. எங்கள் பகுதியிலே அதன்பின் தமிழ்ப் பெயர் கொண்டவர்கள் எப்படி வாழ்ந்தனர் என்பதைப் பெற்றோர் வாயிலாகவும், பின்னர் என் கண்ணாலும் அறிவேன். வீட்டிலுள்ளோரின் பெயர்களைப் பொலிஸிற் பதிந்த தாளை என் தந்தையார் பிளாஸ்டிக் உறையிலிட்டு, சாமிப்படத்தின் பின்னே வைத்திருந்தார். நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் முதலில் அத்தாளைத்தான் எடுப்பார். தாங்கியைத் தகர்த்தவர் யாரென்பதை அத்தாள் ஒருபோதும் சொல்லவில்லை. தமிழராக இருப்பதே விளக்கம் கூறவேண்டிய ஒரு செயல் என்பதை மட்டும் அது எங்களுக்குக் கற்பித்தது.

2007 யூன் 7ஆம் திகதி அதிகாலை, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய பகுதிகளிலுள்ள விடுதிகளிலே தங்கியிருந்த தமிழர் 376 பேர் எழுப்பப்பட்டு, பேருந்துகளில் ஏற்றப்பட்டு, வவுனியா முதலிய இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். கொழும்பில் தங்குவதற்கு அவர்களிடம் தகுந்த காரணம் இல்லை என்பதே சொல்லப்பட்ட நியாயம். வைத்தியத்துக்கு வந்தவர், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர், வேலை தேடி வந்தவர் எல்லோரும் ஒரே கணக்கில் அடங்கினர். தனித்தனியாக எவர்மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. சிவில் அமைப்பொன்று உயர்நீதிமன்றம் சென்றது. மறுநாளே வெளியேற்றத்தை நிறுத்துமாறு நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. பிரதமர் ரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். ஐயத்துக்குரியவர் ஒருவர் இருந்திருப்பின் அவரைக் கண்டுபிடிக்கும் வழி அதுவன்று. ஒருவரையும் கண்டுபிடிக்க முயலாதவர்களே எல்லோரையும் வெளியேற்றுவர்.

இதைச் சொல்லும்போது தமிழர் கைதட்டுவது எளிது. ஆகவே மற்றப் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். அந்நாட்களிலே வடமாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கும் மேற்பட்டோர். காட்டிக்கொடுப்போர் சிலர் அவர்களிடையே உண்டு என்ற ஐயம் ஒரு மக்கட் கூட்டத்தையே பெயர்த்தெறியப் போதுமானதாயிற்று. அயல்வீட்டுத் தமிழரிற் பலர் கண்ணீர் விட்டனர். தடுக்க முடியவில்லை, அல்லது துணியவில்லை. விடுதி வாசலிலே பேருந்தில் ஏற்றப்பட்ட தமிழனுக்கும் மைதானத்திலே உடைமைகளை இழந்து நின்ற முஸ்லிமுக்கும் இழைக்கப்பட்ட அநீதியின் தர்க்கம் ஒன்றே. ஒன்றைக் கண்டித்து மற்றதற்கு விளக்கம் தேடுபவன் இரண்டையும் ஏற்றுக்கொண்டவனே ஆவான்.

'துரோகி' என்னும் சொல்லை நம் சமுதாயம் கையாண்ட விதமும் இத்தகையதே. சுவரொட்டி ஒட்டியவனுக்குப் பெயர் இராது. ஒட்டப்பட்டவனுக்கு நாள் குறிக்கப்பட்டிருக்கும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் கற்பித்த வைத்தியர் ராஜினி திராணகம, எல்லாத் தரப்பினரின் வன்முறையையும் ஆராய்ந்த 'முறிந்த பனை' நூலின் ஆசிரியர்களுள் ஒருவர். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பரீட்சைப் பணி முடித்து வீடு திரும்பும் வழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எழுதியவை பிழையாயின் மறுத்து எழுதியிருக்கலாம். மறுப்பு எழுத இயலாத இடத்திலேதான் துப்பாக்கி பேசுகிறது.

முற்போக்கு அணியினராகிய நாமும் இதிலிருந்து விலகி நின்று பேச முடியாது. உலகத் தொழிலாளர் இயக்கத்தின் வரலாறு இரு பாடங்களைத் தருகிறது. 1912இல் ரஷ்ய டூமாவுக்குத் தெரிவான போல்ஷெவிக் உறுப்பினர் ரோமன் மலினோவ்ஸ்கி, சார் அரசின் இரகசியப் பொலிஸாரிடம் சம்பளம் பெற்ற உளவாளி. தோழர் சிலர் ஐயங்கொண்ட போதும் லெனின் அவரை நம்பினார். 1917 புரட்சியின் பின் பொலிஸ் ஆவணங்கள் திறக்கப்பட்டபோதே உண்மை வெளிப்பட்டது. சோதியாது நம்பியதன் கேடு இது. அடுத்த தலைமுறையிலே, 1936 முதல் 1938 வரை மொஸ்கோவில் நடந்த வழக்குகளில், புரட்சியை நடத்திய மூத்த தோழர்களே உளவாளிகள் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலங்களின் பேரில் சுடப்பட்டனர். நம்பியவரை ஐயுற்றதன் கேடு இது. இவ்விரு கேடுகளும் தீராத் துன்பம் தரும் என்பதை அரசியல் பேசும் பகுதியிலே வள்ளுவர் சேர்த்தே எச்சரித்திருக்கிறார். அக்குறளை மனப்பாடம் செய்விக்கும் ஆசிரியர் நாம். அதன் இரு பாதிகளையும் ஒருங்கே கடைப்பிடித்த இயக்கம் எதுவென்று கேட்டால் விடை கூறத் தயங்குவோம்.

அரசு காட்டும் பரிகாரம் சட்டம். வதந்தியைத் தண்டிக்கச் சட்டம் வேண்டாமா என்பர். இருந்த சட்டங்கள் எவர்மீது பாய்ந்தன என்பதைப் பார்த்தால் போதும். குடியியல், அரசியல் உரிமைகளைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் பெயராலே 2007இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், 2019 ஏப்ரலில் சிங்களச் சிறுகதை ஆசிரியர் சக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காகக் கைதாகி, ஏறத்தாழ நான்கு மாதம் சிறையிலிருந்தார். மன்னாரமுது என்னும் பெயரோடு எழுதிவந்த இளங்கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாப் ஜஸீம், 2017இல் வெளியிட்ட 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுகிறது எனக் கூறப்பட்டு, 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிடிக்கப்பட்டார். தீவிரவாதத்தையும் போரையும் கண்டிக்கும் கவிதைகள் அத்தொகுதியிலே உள்ளன. 2021 டிசம்பரிலே பிணையில் வந்தார். 2023 டிசம்பரிலே விடுதலை செய்யப்பட்டார். ஒரு கவிதை நூலை ஒழுங்காக வாசித்து முடிக்க இந்நாட்டு அதிகார அமைப்புக்கு மூன்றரை ஆண்டுகள் சென்றன.

அவ்வாறிருக்க, பொய்க் கூற்று எது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 சனவரியிலே பாராளுமன்றத்தில் நிறைவேறியது. 2018இல் வீடுகளை எரித்தவர்களைத் தண்டிக்கப் பழைய சட்டமே போதும். போதாமல் இருந்தது சட்டமன்று, அதைச் செலுத்தும் மனம். மனமில்லாதவர் கையிலே புதிய சட்டம் சேரும்போது அது விஷமியை விட்டுக் கவிஞனைப் பிடிக்கும் என்பதற்கு மேற்கூறிய இரு வழக்குகளே சான்று.

அப்படியாயின் புனைபெயரை ஒழித்து, எழுதுபவர் எல்லோரும் அடையாள அட்டையோடு வரவேண்டும் என்போமா? அதுவும் தவறு. ஈழத்து இலக்கியத்திலே புனைபெயருக்கு மதிப்பான வரலாறு உண்டு. இலங்கையர்கோன், மஹாகவி, நீலாவணன் என்போர் பெற்றோர் இட்ட பெயரால் எழுதியவர் அல்லர். அரசாங்க உத்தியோகத்திலே இருந்தவர்களுக்கும், மேலதிகாரியின் சினத்துக்கு அஞ்ச வேண்டியவர்களுக்கும், குடும்பத்தின் கண்டிப்புக்கு உட்பட்ட பெண்களுக்கும் புனைபெயர் ஒரு நிழலாக உதவியிருக்கிறது. ஆனால் புனைபெயருக்கும் மொட்டைக் கடிதத்துக்கும் இடையே தெளிவான வேறுபாடு ஒன்று உண்டு. மஹாகவி என்னும் பெயர் ஆண்டாண்டாக ஒரே குரலிலே பேசியது, மறுப்புக் கேட்டது, பிழையைத் திருத்தியது, தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்றது. மொட்டைக் கடிதக்காரன் அடுத்த கடிதத்திலே வேறொருவன். பெயர் மெய்யா பொய்யா என்பது பொருட்டன்று. சொல்லுக்குப் பொறுப்பேற்கும் ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதே பொருட்டு.

எதிர்ப்பைக் காட்டும் முறையிலும் நமக்குச் சொந்த அனுபவம் உண்டு. 1960களின் தொடக்கத்திலே மரபுப் போராட்டம் நிகழ்ந்தது. பொதுமக்களின் பேச்சு மொழியை 'இழிசனர் வழக்கு' என்று பழைமைவாதப் பண்டிதர் ஒதுக்கினர். முற்போக்கு எழுத்தாளர் அதை இலக்கிய மேடையில் ஏற்றினர். 1963இல் யாழ்ப்பாணத்திலே நடந்த சாகித்திய மண்டல விழாவில் நம் அணியைச் சேர்ந்தோர் சிலர் கூழ்முட்டை வீசினர். கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆயினும் இன்று திரும்பிப் பார்க்கையில், முட்டை எவரையும் மனம் மாற்றவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பண்டிதர் பக்கம் அனுதாபம் சேர்வதற்கே அது உதவியது. மனம் மாற்றியவை பத்திரிகைகளிலே வெளிவந்த கட்டுரைகளும், அவற்றைவிட மேலாக, அந்தப் பேச்சு மொழியிலேயே எழுந்த டானியலின், டொமினிக் ஜீவாவின் கதைகளுமே. சாதியின் பெயரால் இழிவுபடுத்தப்பட்ட அவ்விருவரும் வசைக்கு வசை எழுதுவதோடு நின்றிருந்தால் நமக்கு அக்கதைகள் கிடைத்திருக்கமாட்டா.

இவற்றிலிருந்து நடைமுறைக்கு உகந்த சில முடிபுகளுக்கு வரலாம்.

விஷமியின் வசையையும் விஷமியின் செய்தியையும் பிரித்தறிய வேண்டும். வசைக்கு மறுமொழி வேண்டியதில்லை. அவன் தேடுவது நமது கோபத்தை. அது கிடைக்காதபோது அவன் கடை காற்றாடும். ஆனால் அவன் பரப்பும் பொய்ச் செய்திக்கு மௌனம் பரிகாரமாகாது. அதற்கு விரைவாகவும் அமைதியாகவும், பொய்யைத் திரும்பத் திரும்ப உச்சரிக்காமலும், உண்மையைச் சான்றோடு வைக்க வேண்டும். யார் கண்டது, எங்கே, எப்போது, பாதிக்கப்பட்டவர் பெயர் என்ன என்னும் நான்கு கேள்விகளும் பல வதந்திகளைப் பிறந்த இடத்திலேயே முடக்கிவிடும். விடை தெரியாத செய்தியை மேலும் ஒருவருக்கு அனுப்பாதிருப்பது கோழைத்தனமன்று. அது குடிமகனின் கடமை.

புதியவர்மீது ஐயம் எழுமாயின் அவருடைய செயலைப் பார்க்க வேண்டும். பெயரையும் ஊரையும் பேச்சின் சாயலையும் அல்ல. அவர்மீது குற்றம் இருப்பின் அவர் முகத்துக்கு முன் சொல்லி, அவருடைய விளக்கத்தைக் கேட்க வேண்டும். சங்கமாயினும் வாசகர் வட்டமாயினும் ஒருவரை விலக்க நேர்ந்தால், விலக்கியவர் தம் பெயரோடு, காரணம் காட்டியே விலக்க வேண்டும். திருந்தி வருவோர்க்குக் கதவு திறந்திருக்க வேண்டும். பெயரில்லாதவன் சொன்னதை நம்பிப் பெயருள்ளவனைத் தண்டிக்கும் சபை, விஷமியின் வேலையைச் சம்பளமின்றிச் செய்யும் சபையாகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரை ஒருவர் அறிந்திருக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையிலே அன்று ஒரு மனிதரைக் காப்பாற்றியது சட்டமுமன்று, படித்த ஆசிரியருமன்று. மாதாமாதம் துணி வாங்கிய பழக்கமும் நானூறு ரூபாய்க் கடனுமே காப்பாற்றின. அந்த மூதாட்டி அவருடைய பெயரை அன்றுதான் முதன்முதலிற் கேட்டிருப்பார். ஆனால் அவரை அறிந்திருந்தார். தொழிற்சங்கத்திலும் வாசகசாலையிலும் பாடசாலையிலும் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இவ்வாறு கொடுக்கல் வாங்கலோடு பழகும் இடங்கள் குறையக் குறைய, மொட்டைக் கடிதக்காரனின் இராச்சியம் விரியும். அவ்விடங்களைப் பெருக்குவதே முற்போக்காளரின் முதற்பணி.

அந்த மனிதர் அடுத்த மாதம் வரவில்லை; அதற்கடுத்த மாதமும் வரவில்லை. மூதாட்டியின் கையிலுள்ள நானூறு ரூபாயைப் பெற்றுக்கொள்ள இன்றுவரை ஒருவரும் வந்தாரில்லை.